நெற்றியிலிருந்து கீழே

மேட்டூருக்குப் பக்கத்துக் கல்லுக்குழியை விட்டுக் கிளம்பி, காவிரியை வலக்கைப் பக்கம் வைத்துத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். மேஸ்திரியை அடித்ததால் வேலை போயிற்று. அதற்கு முந்தைய இடங்களிலும் இப்படித்தான். இந்தக் கோபத்தோடு இனி எங்கேயாவது நிலைப்பேனா என்பதுதான் வழியெல்லாம் யோசனை.

அதை அடக்கத்தான் தியானம் பழகினேன். குழியில் என்னோடு கல் உடைத்த கூட்டாளி சொல்லித் தந்தது. மூலாதாரத்தில் தொடங்கி, தொப்புள், நெஞ்சு, தொண்டை என்று நினைப்பை மெல்ல ஏற்றிப் புருவ மத்தியில் நிறுத்த வேண்டும். அவன் காய்ச்சலில் இறந்தபின், எனக்குப் பொறுமை இல்லாமல் நேராகப் புருவத்துக்கே போனேன். தலை கொதித்தது. கோபம் கூடியது.

குமாரபாளையத்தில் நெசவாளர் தெரு வேப்பமரத்தடியில் சாயங்காலம் அப்படித்தான் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் பாவு நூலை நீட்டிக் கட்டுவதற்காக ஒரு நெசவாளர் தெருவில் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, பல்லு வலியா?"

"தியானமுங்க."

"இதுவா? எங்கூட்டுக்காரரும்தான் உக்கார்றாரு, தூங்கற பூனையாட்டம். நீங்க யாரையோ அடிக்கப் போறாப்பல இருக்கறீங்க."

நெசவாளர் சிரித்துக்கொண்டே, தியானத்தை எங்கே தொடங்குகிறேன் என்று கேட்டார். நேராக நெற்றியில் என்றேன்.

"அட சாமி! அடி முளையில கட்டாம பாவை இழுத்தா, அத்தனை இழையும் உங்க மூஞ்சியிலதான் வந்து உழும். நெத்தி எங்கீங்க ஓடிப்போகுது? கீழயிருந்து வாங்க."

கீழேயிருந்து வந்தேன். நெஞ்சுக்கு வந்ததும் அழுகை பொங்கியது. கூட்டாளி செத்த அன்றே அவன் சம்மட்டியை மேஸ்திரி வேறொருவனிடம் கொடுத்தான்; அதற்குத்தான் அடித்தேன். ஆனால் கூட்டாளிக்காக அதுவரை நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. இருட்டும்வரை அழுதேன். அந்த அம்மாள் களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பசி, வழித்துச் சாப்பிட்டேன்.

கோபம் அடியோடு போய்விடவில்லை. வரும்போது நெஞ்சில் வந்து முட்டுவது தெரிகிறது. தெரிந்துவிட்டால் கை எழுவதில்லை. இதற்கு அந்த இருவருக்கும், கூட்டாளிக்கும் இன்றுவரை மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

அன்று அழுததற்கு மறுநாள் விடியலில் பாவு வேலைக்கு ஓர் ஆள் குறைந்தது.

"கஞ்சி தடவறப்ப இழை அத்துக்கிட்டே இருக்கும். ரோசப்படாம ஒவ்வொண்ணாப் பிணைச்சுக்கிட்டே வரோணும். முடியுமுங்களா?" என்றார் நெசவாளர்.

முடியும் என்றேன். அறுந்த இழை பிணைக்கும் வேலையில் சேர்ந்தேன்.