கறுப்புப் பெட்டியில் இறங்கிய கல்யாணங்கள்

போன வாரம் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் பெண்ணின் கம்ப்யூட்டர் திரையில், வெள்ளை எழுத்து ஓடும் ஒரு கறுப்புப் பெட்டி தோன்றி மறைந்தது. உடனே எனக்கு வெங்காய வாசனை அடித்தது. சிரிக்காதீர்கள். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியை ஒட்டியிருந்த செல்போன் கடையில் நான் வேலை பார்த்தபோது அந்தக் கறுப்புப் பெட்டிதான் எங்கள் பிழைப்பு. அதில் ஒரு வரி அடித்தால், நெட்டில் இருக்கும் வீடியோ மெமரி கார்டில் இறங்கிவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த ஆங்கில வரியைக் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து அடிப்பேன். தொடங்குவதற்கு முதலாளி சொல்லிக்கொடுத்திருந்தார். நிறுத்துவது எப்படி என்று கேட்க எனக்குக் கூச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிடப் போயிருந்த நேரம், சலீம் பாய் வந்தார். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சாயங்காலம் குவைத்துக்கு விமானம். பாலைவனத்து கேம்ப்பில் நெட் கிடையாது. ஸ்டுடியோக்காரர் நெட்டில் ஏற்றிவைத்த தன் கல்யாண வீடியோ வேண்டும் என்றார்.

"அவ மொகத்தப் பாத்துக்கிட்டே ரெண்டு வருஷத்த ஓட்டிருவேண்ணே."

கறுப்புப் பெட்டியில் நான் ஒட்டியதோ, அந்த ஸ்டுடியோ எடுத்த அத்தனை வீடியோவுக்குமான லிங்க். வரிகள் மளமளவென்று ஏறின.

"அண்ணே, மண்ணச்சநல்லூர் காதுகுத்துன்னு போட்டிருக்கு."

"உங்களுது பின்னாடி வரும் பாய்."

"ஸ்ரீரங்கத்துல யாருக்கோ ஊஞ்சலாம். நிறுத்துங்கண்ணே."

"நடுவுல நிறுத்தக் கூடாது பாய்," என்றேன், ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதிரி.

கார்டு நிறைந்து அதுவாக நின்றபோது வாசலில் கார் ஹாரன் அடித்தது. கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் கல்யாணமும் கடைசியில் இறங்கித்தான் இருந்தது, பிரியாணிப் பந்தி வரைக்கும். பெண்ணைக் காட்டுவது அதற்கப்புறம். குவைத்துக்குப் போய்த்தான் அவருக்கே அது தெரிந்தது.

ரெண்டு வருஷம் கழித்து அவர் வருவதைப் பார்த்து வெங்காய மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். தேடிப் பிடித்துவிட்டார், மனைவியோடு.

"அந்தக் காதுகுத்துல தாய்மாமன் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போனாரே, சமாதானம் ஆயிட்டாரா? வெள்ளிக்கிழமையானா கேம்ப்பே உக்காந்து பாக்கும். எல்லாரும் கேட்டுட்டு வரச் சொன்னாங்கண்ணே."

"அந்த மாமாவ நல்லா ஞாபகம் இருக்கு இவருக்கு," என்றார் மனைவி. "ஏர்போர்ட்ல என்னையத் தாண்டிப் போயி எங்க அக்காவப் பாத்து சிரிக்கிறாருங்க."

சலீம் பாய் தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இப்போது அந்த கேம்ப்பிலும் நெட் வந்துவிட்டது. திரும்பிப் போன சலீம் பாய் தினமும் மனைவி முகத்தைப் போனில் பார்த்துப் பேசுகிறார். கார்டு கொண்டுவர ஆளில்லாமல் எங்கள் கடையை மூடியாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கேம்ப்பில் யாரும் சேர்ந்து உட்காருவதில்லையாம். அவரவர் கட்டிலில் அவரவர் வீடு. மண்ணச்சநல்லூர் மாமா சாப்பிட்டாரா என்று கவலைப்பட, குவைத்தில் இன்று ஒருவரும் இல்லை.