ஸ்டிக்கர் உரித்த பை

இது கதை கட்டிச் சொல்வதல்ல, நடந்தது. நடந்தது என் தங்கையின் கணவருக்கு. பொய் சொல்லத் தெரியாத மனிதர். சீட்டாட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்தே தோற்கடித்துவிடலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தின் கழிவுப் பிரிவில் வேலை. கதிரியக்க மருந்து ஏற்றிச் சோதித்த எலி, முயல், நாய் எல்லாம் செத்த பிறகு பையில் கட்டி, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, அடித்தளத்து உறைபனி அறைக்கு வரும். நாளாக ஆகக் கதிர் தானே அடங்கும். அடங்கிவிட்டதா என்று கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கதிர் இருந்தால் விடாமல் 'டிக் டிக்' என்று அடிக்கும். அடங்கிய பையின் ஸ்டிக்கரை உரித்து எரிக்க அனுப்புவார்கள்.

தங்கை அப்போது நிறைமாதம். "அங்கேர்ந்து எதையும் ஒட்டிக்கிட்டு வந்துடாதீங்க." தினமும் இதே பாட்டுதான்.

அன்று மதியம் பைகளை எரிக்கக் கொண்டுபோகும் வண்டி மேலே காத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அவசரம். அளந்த பிறகு உரிக்க வேண்டியதை, முதலில் உரித்துவிட்டு அளந்துகொள்ளலாம் என்று உறைபனி அறைக்குள் நின்று மளமளவென உரித்துத் தள்ளினார். தேதியெல்லாம் தாண்டிவிட்டதே என்ற தைரியம்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

உள்கைப்பிடியை இழுத்தார். பனி இறுகி அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. தட்டினார், கத்தினார். பயத்தை மறக்கக் கருவியை எடுத்தார்.

டிக்... டிக் டிக்... டிக் டிக் டிக்.

ஏதோ ஒரு பை அடங்கவில்லை. எது? ஸ்டிக்கர்கள் எல்லாம் காலடியில் கிடந்தன.

கதவோடு ஒட்டி நின்றார். சத்தம் குறைந்தது.

பிறகு கூடியது...

அவர் நகரவில்லை. பைகளும் நகரவில்லை.

கருவியைத் தாழ்த்தினார். முழங்கால் உயரத்தில், இடது காலுக்குப் பக்கத்தில் படபடவென அடித்தது. அங்கே எதுவும் இல்லை.

இடம் மாறினார்.

கூடவே வந்தது.

கடைசியில் வண்டிக்காரர் தேடி வந்து கதவைத் திறந்தார். "என்ன சார், உள்ளயே குடியேறிட்டீங்களா?"

மாப்பிள்ளை அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினார்.

மேற்பார்வை அம்மா எல்லாப் பைகளையும் அளந்தார். ஒன்றிலும் சத்தமில்லை. மாப்பிள்ளையைக் குளிக்கவைத்து அளந்தார். உடம்பு சுத்தம். இடது காலருகே, வெறும் காற்றில் மட்டும்... டிக் டிக் டிக்.

அந்த அம்மா கருவியை அணைத்தார். "வீட்டுக்குப் போங்க. இதை நான் எங்கயும் எழுத மாட்டேன்."

மகள் பிறந்தாள். மாப்பிள்ளை அவளைத் தூக்கவே இல்லை. அறை வாசலிலேயே நின்று பார்ப்பார், கண் கலங்கும். ஒரு பழைய கருவியை வாங்கி வைத்து மாதாமாதம் காலருகே அளப்பார். அடங்க வேண்டிய காலமெல்லாம் தாண்டியும் அது அடங்கவில்லை.

போன வாரம் எனக்குப் போன். அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை.

"மச்சான், போயிடுச்சு! ஒண்ணுமே இல்ல. எம்பொண்ணைத் தூக்கப் போறேன்!"

அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கையில் கருவி அமைதியாக இருந்தது. நடக்கப் பழகும் குழந்தை அப்பாவைப் பார்த்துத் தத்தித் தத்தி வந்தது.

டிக்...

டிக் டிக்...

மாப்பிள்ளை முகம் வெளுத்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன்.

குழந்தை விழாமல் இருக்க எதையோ பிடித்துக்கொண்டு நடந்தது.

இடது கையால்.

காற்றில்.