ஐந்தரை மணி ஆட்டம்

என் மகனுக்கு அம்மை போட்டிருந்த சித்திரை மாதத்தில்தான் நாங்கள் இருவரும் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தோம். அப்போது அவன் நாலாவது படித்துக்கொண்டிருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால், சிமென்ட் ஷீட் போட்ட லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அவன் அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வக்கீல்தான் பேசினார்.

அம்மை போட்ட வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். அது இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரப் பெண் மட்டும் காலையில் வாசல்படியில் இளநீர் வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவாள். நான் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, வேப்பிலை பரப்பிய பாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சொறியாமல் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பொழுது போகவில்லை. போனில் கிரிக்கெட் வீடியோ போட்டுக் கொடுத்தேன். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வரும். அப்படித் தானாக வந்ததுதான் அது.

உயரமான ஒரு சுவரை நோக்கி ஒருவன் ஓடினான். கையில் பெரிய தோல் உறை. ஒரு காலைச் சுவரில் ஊன்றி மேலே எம்பி, சுவருக்கு அந்தப் பக்கம் விழ இருந்த பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தான்.

"சிக்ஸரப் புடிச்சிக்கினாம்மா" என்றான் என் மகன். மூன்று நாளாக முனகலைத் தவிர வேறெதுவும் பேசாதவன். மறுபடி போடச் சொன்னான். அன்று முழுக்க அதையே போட்டோம்.

அந்த ஆட்டக்காரனுக்கு அவன் செவுத்துக்காரன் என்று பேர் வைத்தான். உண்மைப் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. அமெரிக்காவின் நடுவில், பெரிய ஆறு ஓடும் ஏதோ ஒரு ஊரின் அணி அது. அந்த ஊர்க்காரர்கள் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகும்போது நமக்கு விடிகாலை ஐந்தரை.

எனக்கு அந்த நேரம்தான் வசதியாக இருந்தது. நான் எப்போதும் செகண்ட் ஷிஃப்ட். கார் கம்பெனிகளுக்குப் போகும் ரப்பர் வளையங்களில் பிசிறு இருக்கிறதா என்று விளக்கின் கீழே வைத்துப் பார்த்துத் தள்ளுகிற வேலை. மத்தியானம் போனால் வீடு திரும்பப் பத்தரை மணி ஆகிவிடும். அதற்குள் அவன் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டில் வந்து தூங்கியிருப்பான். அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் இல்லை. நான் வரும்போது அவன் விழித்திருக்கவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது காலையில் மட்டும்தான். அதுவும் எழுப்புவது, குளிக்கச் சொல்வது, திட்டுவது என்று போய்விடும்.

பேஸ்பால் வந்த பிறகு அவனை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. அவன்தான் என்னை எழுப்புவான். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்ப்போம். வர்ணனை இங்கிலீஷில் ஓடும். பாதி புரியாது. விதிகளை நாங்களே கண்டுபிடித்தோம். அடித்தவன் மட்டையை ஏன் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான் என்று ஒரு வாரம் குழம்பினோம். நாலு மூலை, கிளம்பின மூலைக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி. ஒன்றை அவன் சரியாகச் சொல்வான், ஒன்றை நான் சொல்வேன். தரையில் உருண்டு வந்த பந்தை ஒருவன் எடுத்து இன்னொருவனுக்கு எறிய, அவன் வேறொருவனுக்கு எறிய, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்டானார்கள். அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்துவிட்டாள். "தீதி, கேஸா?" என்று அவள் பாஷையில் அக்கா போட்டுக் கேட்டு, மூக்கை உறிஞ்சி முகர்ந்து பார்த்தாள். சிலிண்டர் கசிகிறதென்று நினைத்திருக்கிறாள்.

இதைப் பற்றிப் பேச எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. அவன் வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்களாம். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பையனைக் கிரிக்கெட் கோச்சிங்கில் சேர்க்கச் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆடி மாதம் ஒரு காலை. கோயில் ஒலிபெருக்கி சத்தத்தில் வர்ணனை காதில் விழவில்லை. செவுத்துக்காரன் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு பொடியன் நின்றுகொண்டிருந்தான். காயம்பட்டிருக்கும் என்று நினைத்தோம். என் மகன் போனை வாங்கி எதையெதையோ தேடினான். கடைசியில் ஒரு படத்தைக் காட்டினான். செவுத்துக்காரன் வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு, யாரோ ஒருவர் கையைக் குலுக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேற டீமுக்கு மாத்திட்டாங்களாம். பதிலுக்கு ரெண்டு சின்னப் பசங்கள வாங்கிக்கினாங்களாம்" என்றான்.

நான் அடுப்பில் இருந்த தோசையைத் திருப்பிப் போட்டேன். அவன் என் பின்னால் வந்து நின்றான்.

"அவனக் கேட்டாங்களாம்மா?"

"கேக்க மாட்டாங்கடா. ஆர்டர் போடுவாங்க, போய்த்தான் ஆவணும்."

போனை அணைத்து வைத்தான். பிறகு கேட்டான். "நைனாவுக்கும் யாருனா ஆர்டர் போட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேலை, பெரியப்பா, ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அதுவரைக்கும் அப்படித்தான் சமாளித்து வந்தேன். அன்று என்னவோ வாயில் பொய் வரவில்லை.

"இல்லடா. நைனா தானாதான் போனாரு."

அவன் தலையை ஆட்டினான். அழவில்லை. தோசையைத் தின்றான், ஷூவைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனான். நான்தான் வெகுநேரம் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு கட்சி. அவன் செவுத்துக்காரன் போன அணிக்கு மாறிவிட்டான். நான் பழைய அணியிலேயே இருந்தேன். பிடிவாதம் ஒன்றுமில்லை, அந்த மைதானமும், அங்கே இடைவேளையில் தண்ணீர் தெளிக்கும் கிழவரும் எனக்குப் பழகிப்போயிருந்தார்கள். நீ தோக்கற டீம்லயே இரு என்று அவன் கேலி செய்வான். ஒருநாள் அவன் ஆட்டம், ஒருநாள் என் ஆட்டம் என்று முறை வைத்துப் பார்த்தோம்.

அடுத்த வருஷம் கோர்ட்டில், கோடை விடுமுறையில் பாதி அப்பாவிடம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. கவரைப்பேட்டை, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன். அவர் தூரத்தில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். கிட்டே வரவில்லை. நானும் போகவில்லை. பையன்தான் நடுவில் கொஞ்ச தூரம் தனியாக நடந்து போனான்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்தேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. என் அணிக்காரன் நல்ல பந்து ஒன்று போட்டான். திரும்பிப் பார்த்தேன். போர்வைதான் இருந்தது.

அங்கே காலையில் அவனால் ஆட்டம் பார்க்க முடியாது. அவன் அப்பா பால் வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் கிளம்பிவிடுவார், போனும் அவரோடு போய்விடும். அதனால் சாயங்காலம் நான் கூப்பிடும்போது என்ன நடந்தது என்று கேட்பான். சாயங்காலம் எனக்கு டீ பிரேக். செக்யூரிட்டி ரூமில் கொடுத்து வைத்த போனை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். டீ குடிக்காமல் ஆட்டத்தைச் சொல்வேன். சொல்ல வேண்டும் என்பதற்காகவே காலையில் கண் கொட்டாமல் பார்ப்பேன். யார் எங்கே நின்றான், பந்து எந்தப் பக்கம் போனது, எவன் முகத்தைச் சுளித்தான் எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொள்வேன். ரப்பர் வளையங்களைப் பார்த்துத் தள்ளும்போதுகூட, சாயங்காலம் எதை முதலில் சொல்லலாம் என்றே யோசனை. லைனில் இருக்கும் பெண்கள் நான் யாரோ ஆம்பளையிடம் பேசுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் பேஸ்பாலை விளக்க வேண்டும்.

அந்த விடுமுறையில்தான் எங்கள் இரண்டு அணிகளும் மோதின. செவுத்துக்காரன் தன் பழைய மைதானத்துக்கு எதிராளியாக வந்தான். அன்றைக்குச் சாயங்காலம் என் மகன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"மொத தபா மட்டையத் தூக்கினு வந்தான்டா. மைதானத்துல கீற அத்தினி பேரும் எழுந்து நின்னுட்டாங்க" என்றேன்.

"திட்டறதுக்கா?"

"இல்லடா. கை தட்டறதுக்கு."

"உட்டுட்டுப் போனவனுக்கா?"

"ஆமா. நிக்காம தட்டறாங்க. பந்து போடறவன்கூட போடாம காத்துக்கினு நிக்கறான். இவன் தலையில இருந்து ஹெல்மெட்டக் கழட்டிக் கையில வச்சிக்கினு சுத்திச் சுத்திப் பாக்கறான்."

"அழுதானா?"

"தூரத்துல இருந்துதான் காட்டுனாங்க. தெரில."

நான் அழுதேன் என்று சொல்லவில்லை. அந்தக் காலையில், யாருமில்லாத வீட்டில், முகம் தெரியாத ஊர்க்காரர்கள் கை தட்டியதற்கு நான் ஏன் அப்படித் தேம்பினேன் என்று எனக்கே விளங்கவில்லை. என் மகன் அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும் கேட்டது. ஆண்குரல் ஒன்று தொண்டையைச் செருமியது. பையன் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறான். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. பிரேக் முடிந்த மணி அடித்தது. வைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விடுமுறை பாதி முடிந்து கூட்டி வரப் போனபோது அவர் பைக்கை விட்டு இறங்கி பஸ் வரைக்கும் வந்தார். பையனின் பையை அவரே தூக்கி வந்தார். இளைத்திருந்தார். என்னிடம் நேராகப் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"அந்த ஆளு, செவுரு ஏறறவன். திரும்பப் பழைய டீமுக்கு வருவானா?" என்றார்.

அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மொட்டையாகப் பதில் சொன்னேன். "அவன் எடத்துல இப்ப வேற பையன் ஆடறான். நல்லாத்தான் ஆடறான்."

"ஓ" என்றார். பையன் தலையைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனார்.

பெரியபாளையம் தாண்டிய பிறகுதான், நான் சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று உறைத்தது. முகம் சூடாகிவிட்டது. நான் ஆட்டத்தைத்தான் சொன்னேன். நிஜமாகவே அந்தப் பொடியன் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். போன் செய்து சொல்லலாமா என்று யோசித்தேன். என்னவென்று சொல்வது? பையன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். பஸ் ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அந்த வருஷக் கடைசியில் விவாகரத்துக் கேஸ் முடிந்தது.

இப்போது என் மகன் ஏழாவது. போர்வை அவனுக்குப் பத்தாது. விடுமுறைக்குத் திருவள்ளூர் போவதற்கு இப்போதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அவனே பையை எடுத்து வைக்கிறான். அவன் அப்பா அவனுக்கென்று ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆட்டத்தை அவனே பார்த்துவிடுகிறான். போன மே மாதம் நான் பழக்கத்தில் டீ பிரேக்குக்குச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்க் கூப்பிட்டு, "காலையில இன்னா ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

"பாத்துட்டேம்மா" என்றான். பிறகு பெரிய மனுஷன் மாதிரி, "நீ சொல்லு, பரவால்ல" என்றான்.

நான் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினான். பின்னால் பையன்கள் அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. சுருக்கமாக முடித்துக்கொண்டேன். பிரேக் முடிய இன்னும் நேரம் இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று கேன்டீனுக்குப் போய், மற்ற பெண்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தேன். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். உன் ஆள் இன்றைக்குக் கூப்பிடவில்லையா என்று கேட்டாள். வேலையாக இருக்கிறார் என்றேன்.