நன்றி சொல்லக் கூடாத செடி

மியூரியல் கோப்லிக்கு வசந்தகாலத் தோட்டக்காரர்கள் என்றாலே இளக்காரம். ஏப்ரலில் எந்த மடையன் வீட்டிலும் பூ பூக்கும் என்பாள். அக்டோபரில், வெயில் சாய்ந்து புல் நனைந்து கிடக்கும்போது யார் வீட்டில் பூ இருக்கிறது என்பதுதான் அவளுக்குக் கணக்கு. மால்வெர்ன் மலையடியில் அவள் குடியிருந்த தெருவில் அப்படி ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அது அவளுடையது.

எதிர்வீட்டில் பாம்பாஸ் புல் வளர்த்திருந்தார்கள். கழுவாத குதிரைவாலைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி இருக்கும். மூலைவீட்டு வங்கி மேனேஜர் பெட்ரோல் பங்கில் செவ்வந்திச் சட்டி வாங்கி வாசலில் வைப்பார். வாடியதும் சட்டியோடு குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவார். ஒரு செடி மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்து மறுவருஷம் தானாக முளைத்துவரும் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. அவர் போட்டிருந்த பல்செட்டும் அதே லட்சணம்தான். மியூரியல் பல் மருத்துவமனையில் வரவேற்பறையில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவள். வாயைத் திறந்தால் போதும், ஆளை எடைபோட்டுவிடுவாள்.

கணவன் டெரெக், வாசலில், பனி விழுந்தாலே செத்துப்போகும் பிகோனியாத் தொட்டிகளைத் தொங்கவிட்டிருந்த ஒரு பெண்ணோடு போய்விட்டான். அவன் போனதை ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டாள். பிகோனியாவுக்குப் போனதைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மிச்சம் இருந்தது மகன் ஏட்ரியன். போன வருஷம் அவன் கெர்ரியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பில் வீடு வாங்கினான். அங்கே தெருவுக்குத் தெரு பறவைப் பெயர். பறவைதான் ஒன்றையும் காணோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மியூரியல் அங்கே போய், கெர்ரி காய்ந்துபோகும்படி வறுத்த மாட்டிறைச்சியைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவாள். வாரத்தில் அவள் இன்னொரு மனித முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

செப்டம்பரில் கெர்ரியே கேட்டாள். "மியூரியல், பின்பக்கம் வெறும் மண்ணாக் கிடக்கு. இந்த சீசன்ல பூக்கிற மாதிரி, வருஷா வருஷம் வர்ற செடியா பார்த்து வாங்கணும். நீங்களும் கூட வர்றீங்களா?"

மியூரியல் யோசிப்பதுபோல் கொஞ்சம் பாவனை பண்ணிவிட்டு ஒத்துக்கொண்டாள்.

நர்சரியில் நுழைந்ததும் கெர்ரி நீலப் பெயின்ட் அடித்த ஹெதர் செடியிடம் போய் நின்றாள்.

"இது அழகா இருக்கே."

"அது செடியில்ல கண்ணு, சாயப்பட்டறை. மழை பேஞ்சா உன் செருப்பு நீலமாகும்."

கெர்ரி மஞ்சளாகப் பூத்த ருட்பெக்கியாவைக் காட்டினாள். "முட்டை மஞ்சக்கரு. ரோட்டு ஓரத்துல பள்ளம் தோண்டுறவன் இந்த கலர்லதான் சட்டை போடுவான்." ஆளுயரப் புற்களைக் காட்டினாள். "எதிர்வீட்டுக்காரிக்குச் சொந்தமா நீ?" கெர்ரி சீடம் என்ற தடித்த இலைச் செடியைத் தொட்டபோது மட்டும் மியூரியல் கொஞ்சம் இறங்கிவந்தாள். "தேனீ வரும். பரவாயில்ல. ஆனா இந்த ஆளு விக்கிறது நீளக் காம்பு, நடுவுல பொளந்து நாலாபக்கமும் படுத்துக்கும்" என்றாள். கொத்துக்கொத்தாக நீலம் பூத்திருந்த அக்கோனைட் பக்கம் அவளே கையைக் காட்டினாள்.

"அக்டோபர் நீலம்னா இதுதான். கிழங்குலேர்ந்து இலை வரைக்கும் விஷம், கையுறை போட்டுத் தொடணும்."

"மாமியார் சிபாரிசு பண்ற செடி விஷச்செடி. நல்லா இருக்கு" என்றாள் கெர்ரி. மியூரியலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஆஸ்டர் பூச்செடி வரிசையில் பாதிச் செடிகளின் இலைமேல் சாம்பல் நோய் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மியூரியல் சட்டியைத் தூக்கி, கடைக்காரர் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். "இதுல எதையும் வாங்காத. என்கிட்ட நல்ல ஆஸ்டர் இருக்கு. வீட்டுக்கு வா."

அந்த ஆஸ்டரை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. ஆழ்ந்த ஊதாநிறம்; சாம்பல் தட்டாது; சாயாமல் தாங்கக் கம்பு நட வேண்டாம். மூலைவீட்டு மேனேஜர் இரண்டு தரம் கேட்டு, இரண்டு தரமும் வெறுங்கையோடு போனார். அதைத்தான் மியூரியல் முட்டி மண்ணில் பதிய உட்கார்ந்து, மண்கிளறும் முள்கரண்டியை விட்டுப் பிளந்து, வேரோடு ஒரு துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கெர்ரியின் கையில் வைத்தாள்.

"ஐயோ மியூரியல், ரொம்ப நன்றி!" என்றாள் கெர்ரி.

அவ்வளவுதான். மியூரியல் பொட்டலத்தைப் பிடுங்கி, மக்குக்குழியில் வீசிவிட்டுக் கைமண்ணைத் தட்டிக்கொண்டாள்.

பஸ் டிரைவருக்கும் நன்றி, பணம் தரும் மெஷினுக்கும் நன்றி என்று வாழும் ஜனங்கள்தான் அந்த ஊரில். ஆனால் செடி கொடுத்தால் மட்டும் நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் அது வேர் பிடிக்காது, செத்துவிடும். மியூரியலுக்கு இது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. இதைப் போய் விளக்குவதா? இது தெரியாதவளுக்கு ஆஸ்டர் எதற்கு?

கெர்ரி முகம் சிவந்து காரில் ஏறினாள்.

அன்று சாயங்காலமே ஏட்ரியன் போன் செய்தான்.

"அம்மா, கையில குடுத்த செடியைப் புடுங்கிக் குழியில போட்டியாமே?"

"நன்றி சொன்னாடா அவ."

அவன் அவள் பிள்ளைதானே, புரிந்துவிட்டது.

"ஏன்னு அவகிட்ட சொன்னியா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"அவ பர்மிங்காம்ல ஒன்பதாவது மாடியில வளர்ந்தவம்மா. அவளுக்கு மண்ணுன்னா கார் டயர்ல ஒட்டுறது." அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "இந்த ஞாயித்துக்கிழமை வரவேண்டாம்னு சொல்றா. எப்ப வரலாம்னு... தெரியலம்மா."

"அந்தக் காஞ்ச கறிக்கு யாரு அழுதா" என்று மியூரியல் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டையை வேகவைத்து நின்றபடியே தின்றாள். முட்டையும் கெட்டியாகிப் போயிருந்தது. குறை சொல்லத்தான் எதிரில் ஆளில்லை.

சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கக்கதவு கிறீச்சிட்டது. கெர்ரி உள்ளே வந்தாள். கையில் கடையில் வாங்கிய விலைச்சீட்டுகூடப் பிரிக்காத மண்வெட்டி. நேரே பாத்தி ஓரம் போய் நின்று, அடுக்களை ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏட்ரியன் சொன்னாரு. திருடின செடிதான் நல்லாப் பிடிக்குமாமே. திருட வந்திருக்கேன். நீங்க என்னைப் பார்க்கல."

"நான் எதையும் பார்க்கல" என்றாள் மியூரியல் ஜன்னலுக்குள்ளிருந்து.

கெர்ரி, ஒருதரம் பிடுங்கப்பட்ட ஆஸ்டரை வேண்டாமென்று விட்டுவிட்டு, சுவரோரம் வெள்ளையாகப் பூத்திருந்த ஜப்பான் அனிமோனியைத் தோண்டினாள். அதுவும் அடித்தண்டை ஒட்டி, நேராகக் குத்தி! மியூரியலுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போனால் அது கொடுத்ததாகிவிடும். குழாயைப் பார்த்துக் கத்தினாள்:

"சில திருடங்களுக்குத் தோண்டக்கூடத் தெரியல! ஒரு அடி தள்ளிக் குத்தினா வேர் அறாம வரும்!"

மண்வெட்டி ஒரு அடி தள்ளிப் போனது.

"பூத்து நிக்கிறப்ப அந்தச் செடியைப் புடுங்குற ஜென்மம் இந்த ஜில்லாவுல ஒண்ணுதான் இருக்கும்!"

"யாரோ குழாய்கூடப் பேசுறாங்க" என்றாள் கெர்ரி, மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டே. "அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க, எங்க நட்டிருக்கேன்னு. எப்படியும் தப்பாத்தான் நட்டிருப்பேன்."

"அது எனக்கே தெரியும்" என்றாள் மியூரியல்.

அனிமோனி முதல் வருஷம் தலைதொங்கிக் கிடக்கும். பிடித்துவிட்டாலோ வேலி, நடைபாதை எதையும் விடாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடவே நின்று பிடுங்க ஆள் வேண்டும். இதை அவள் ஜன்னல் வழியாகச் சொல்லவில்லை. பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்குகிற கூட்டத்துக்கு அதெல்லாம் எங்கே ஏறப்போகிறது?