கத்தரிக்குப் பட்ட கண்ணூறு

கிழக்கிலங்கைக் கரையோரமான எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகவேண்டும். தொண்ணூறுகளில் நானும் அப்படித்தான் கல்முனைக்குடியில் மாமி வீட்டுக்குக் குடிபோனேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற மண்டைக்கனம் வேறு. போய் ஒரு மாதம் ஆகவில்லை, "விஞ்ஞான முறைப்படி கத்தரி வளர்த்துக் காட்டுறன் மாமி, பாருங்க" என்று சவால் விட்டேன்.

வீட்டைச் சுற்றின வளவில் ஆளுக்கொரு பாத்தி. மாமி தண்ணீர் ஊற்றுவார், தன் பாட்டில் போய்விடுவார். நானோ விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம், பின்னேரம் அஸருக்குப் பிறகு ஒரு தரம், கடல் காற்றில் படியும் உப்பை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பேன். பிறகு அடிமட்டம் வைத்து அளப்பேன். என் பெண்சாதி குசினி வாசலில் நின்று, "என்னை ஒரு நாளாவது இப்பிடிக் கவனிச்சிரிக்கிங்களா?" என்று கேட்பாள்.

அடுத்த வளவு ராத்தா மாமிக்கு அக்கா மாதிரி. அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மருமகன்ட கத்தரி நல்ல வடிவு கா" என்று மாமியிடம் சொன்னார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் மாமியின் கத்தரி இடுப்பளவு. என்னுடையது முழங்காலையும் எட்டவில்லை. தண்டு மட்டும் தடியன், இலை சின்னன். "அவட கண்ணூறுதான்" என்றார் மாமி, ராத்தாவின் வேலிப் பக்கம் காட்டி. விஞ்ஞானம் தோற்றுப்போச்சு என்று ஒப்புக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். "ஓம் மாமி, அப்பிடித்தான் இரிக்கும்" என்றேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

மாமா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மாமி வாய்விட்டுச் சிரித்தது ராத்தாவோடு அந்த வேலியடியில்தான். மாமி வேலிப் பக்கம் போவதையே விட்டார், அதுவும் போனது. கறிக் கோப்பை போய்வருவது நின்றது. ராத்தா இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், தின்னமாட்டார்.

பிறகு ஒரு ஆசிரியர் செயலமர்வில் விரிவுரையாளர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். செடியை நாள்தோறும் தொட்டுக்கொண்டிருந்தால், காற்று பலமாக அடிக்கிறது என்று எடுத்துக்கொண்டு அது உயர்வதைக் குறைக்குமாம். தண்டைத் தடிப்பாக்கும், இலையைச் சிறிதாக்கும். யா அல்லாஹ்! ஒரு நாளைக்கு இரண்டு தரம் அடித்த புயல் நான்தான்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாத விசயத்துக்கு அன்றைக்கு ஓம் போட்டதையும் சொன்னேன். வெட்கத்தில் காது சுட்டது. மாமி உடனே தன் பாத்திக் கத்தரிக்காயில் பால்கறி ஆக்கி, கோப்பையோடு வேலியடிக்குப் போய் ராத்தாவைக் கூப்பிட்டார். ராத்தா வந்ததும் கோப்பையை நீட்டினார்.

"கண்ணூறு எங்கட ஊட்டுக்குள்ளதான் கா இரிந்திரிக்கி" என்றார் மாமி. "நாங்கதான் சோறு போட்டு வளத்திரிக்கம்."