மூன்றாம் வகுப்புச் சீட்டு, இரண்டாம் வகுப்பு இருக்கை

காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் நான் முதலில் பார்த்தது, இரண்டாம் வகுப்புச் சீட்டு கொடுக்கும் கவுண்டரின் கண்ணாடிக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தேநீர்க் கோப்பையை. கவுண்டரில் ஆள் இல்லை. முன்னால் இருபது பேர் வரை நின்றார்கள். பக்கத்தில் மூன்றாம் வகுப்பு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வடக்குக்குப் போகும் ரயில் ஆறு முப்பத்தைந்துக்கு. நான் மூன்றாம் வகுப்பு வரிசைக்கு மாறி, எனக்கும் அக்காவுக்குமாக இரண்டு சீட்டு வாங்கினேன்.

முதல் நாள் காலையில் எங்கள் மூத்த அண்ணன் கிளிநொச்சியில் இறந்துபோயிருந்தார். கனடாவிலிருந்து மகன் வர முடியாது என்று தெரிந்ததும் வீட்டில் காத்திருக்கவில்லை. மறுநாளே பகல் இரண்டு மணிக்குச் சவப்பெட்டியை மூடுவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறை சேர்ந்த வார இறுதி என்பதால் முன்பதிவு இருக்கைகள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. இரவு பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அக்காவுக்கு நான்கு மாதம் முன்புதான் முழங்கால் மூட்டு மாற்றினார்கள். இரவு முழுவதும் காலை மடித்து வைத்திருக்கக் கூடாது. அதிக நேரம் நிற்கவும் கூடாது.

அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தேன். இருவரும் மேடைகளைக் கடக்கும் பாலத்தின் படியில் ஒவ்வொன்றாக இறங்கி மேடைக்கு வந்தபோது ஆறு இருபத்தெட்டு. மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் வாசல் வரை ஆட்கள் நின்றார்கள். கழிப்பறைக் கதவை முதுகால் தாங்கியபடி ஒரு குடும்பமே நின்றது. முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்புப் பெட்டியில் மட்டும் ஜன்னலோரத்தில் ஓர் இருக்கை தெரிந்தது.

ரயில் விதிகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் வேலை பார்த்த தமிழ்ப் பத்திரிகையில் வாசகர் கேள்விப் பகுதிக்குச் சில வருடங்கள் பதில்களைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவர் இரண்டாம் வகுப்பில் இடம் இருந்தால் மாறிக்கொள்ளலாம். ரயில் கார்டிடம் சொல்லி, கட்டண வித்தியாசத்தைக் கொடுத்து, அவர் எழுதித் தரும் துண்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதிலை நானே இரண்டு முறை அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அக்காவை அந்த இருக்கையில் உட்கார வைத்தேன். அவளுடைய சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"ஆரும் கேட்டா இதைக் காட்டு. கார்டின்ரை துண்டோட நான் வருமட்டும் வேற ஒண்டும் சொல்லாதை."

"ஏன், சொன்னா என்ன?"

"சொல்லாதை எண்டுறன். எழுத்தில கையில வரட்டும்."

கார்ட் கடைசிப் பெட்டியில், பொதிகளுக்கு நடுவே நின்றார். பச்சைக் கொடி அக்குளில் இருந்தது. சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன்: ஒரு சீட்டு, மூன்றிலிருந்து இரண்டுக்கு, முழங்கால் மாற்றிய பெண். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். எழுத நேரமில்லை, ஏறுங்கள், ராகமையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அப்போது ஆறு முப்பத்தொன்று. திரும்பி முன்னால் போக நேரமில்லாததால் பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பெட்டியில் தொற்றி ஏறினேன். அதற்குப் பிறகு ராகமை வரை என் காலுக்குக் கீழே யாருடையதோ ஒரு அரிசி மூட்டை இருந்தது.

ராகமையில் இறங்கி ஓடினேன். கார்ட் புத்தகத்தை விரித்து, பேனாவைத் திறந்து, கையை நீட்டினார்.

"சீட்டைத் தாருங்கள்."

சீட்டு அக்காவிடம் இருந்தது.

சீட்டு எண் இல்லாமல் எழுத முடியாது என்றார். அவர் கோபப்படவில்லை. சீட்டைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்தார். மறுபடியும் அதே அரிசி மூட்டை. பெட்டிகளுக்கு நடுவிலுள்ள வழியில் ஆட்கள் பைகளின் மேல் உட்கார்ந்திருந்ததால் உள்ளே நடந்து போக வழியில்லை. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையில் நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கைப்பேசியில் அக்காவை அழைத்தேன். அவள் எடுக்கவில்லை. மூன்று முறை அழைத்தேன்.

கம்பஹாவில் மேடை வழியாக ஓடி இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறியபோது, வெள்ளைச் சீருடை அணிந்த பரிசோதகர் அக்காவின் முன்னால் நின்றிருந்தார். அபராதப் புத்தகம் திறந்திருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைப்பேசி அதிர்ந்து ஓய்ந்திருந்தது.

எதிர் இருக்கையில் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர். அந்தத் தொழிலை அவர் பின்னால்தான் சொன்னார். முதலில் அவர் சொன்னது இது:

"போன்ல பேரு வந்துக்கிட்டே இருந்துச்சே, அந்தத் தம்பி நீங்கதானா? சார், அம்மா வாயே தொறக்கலீங்க. அவரு சிங்களத்துல கேட்டாரு, தமிழ்ல கேட்டாரு. ஊமையோன்னு நெனச்சு கையாலகூட கேட்டாரு."

பெட்டியில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நான் பரிசோதகரிடம் கோட்டையிலேயே கார்டிடம் சொன்னதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. பயணி தானாக வந்து சொன்னால் வித்தியாசம் மட்டும் வாங்குவோம். நாங்கள் கேட்டுப் பிடித்த பிறகு சொன்னால் அபராதம். இந்த அம்மாவிடம் மூன்று முறை கேட்டேன். கார்டிடம் சொல்லியிருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அடுத்த இருக்கைக்குப் போயிருப்பேன்.

நான் திருத்தி அச்சுக்கு அனுப்பிய பதிலில் அந்த வரி இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. எனக்கு நினைவிலிருந்தது வேறொன்று. யுத்தத்தில் சோதனைச் சாவடிகள் இருந்த வருடங்களில் கொழும்பில் எங்கள் வீடுகளில் எல்லோரும் பழகிக்கொண்டது: கேட்டால் அடையாள அட்டையைக் காட்டு, கேட்காததைச் சொல்லாதே. சாவடிகள் எடுக்கப்பட்டுப் பல வருடங்களாகிவிட்டன. அன்று காலை நான் அக்காவிடம் சொன்னது அதே வாக்கியம்தான். அவளும் ஏன் என்று ஒரு தடவைதான் கேட்டாள்.

அபராதத்தைக் கட்டிவிடுகிறேன் என்றேன். பரிசோதகர் புத்தகத்தை அக்காவின் பக்கம் திருப்பினார். பயணம் செய்தவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். நேரம் என்ற கட்டத்தில் ஏழு நான்கு என்று எழுதியிருந்தது.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் வைக்கமாட்டன்."

"அக்கா, வெறும் கையெழுத்து."

"இதில வைச்சா நான் களவாப் போனனான் எண்டுதானே அர்த்தம்? முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடத்தில நேரம் பார்த்துக் கையெழுத்து வைச்சனான். இதுக்கு வைக்கேலாது."

"ரண்டு மணிக்குப் பெட்டியை மூடிப்போடுவினம்."

"தெரியும்."

"கையெழுத்து வைக்காட்டி பொல்காவலையில இறக்கி ஸ்டேஷன் மாஸ்டரிட்டைக் கொண்டுபோனா இந்த ரயில் போயிடும். அடுத்ததில போய்ச் சேர இருட்டியிடும்."

"அதுவும் தெரியும். வாயை மூடு எண்டு சொன்னது நீ. நான் மூடினன். இப்ப நீ கதை."

வியாபாரி குனிந்து என்னிடம் கேட்டார்.

"சார் என்ன தொழில்?"

"பத்திரிகையில இருந்தனான்."

"அதான பாத்தேன்" என்றார் அவர். "எழுதுறவங்க பேச்சக் கேட்டு நாம எறங்குனா கோச்சி போயிரும்."

பரிசோதகர் இதைப் புரிந்துகொண்டாரோ இல்லையோ, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கார்டைத் தொலைபேசியில் கேளுங்கள் என்றேன். வாய்ச்சொல்லை வைத்து இலக்கமிட்ட அபராதப் பக்கத்தை இரத்துச் செய்ய முடியாது, கார்ட் எழுதித் தரட்டும் என்றார். பொல்காவலை வரை நேரம் தருகிறேன், அதற்குப் பிறகு அம்மா இறங்க வேண்டும்.

நான் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேயங்கொடை நிற்காமலே போனது. மீரிகமையும் போனது. ஓரிடத்தில் சிவப்பு விளக்குக்காக ரயில் ஒன்பது நிமிடம் நின்றது; எப்போது நகரும் என்று தெரியாததால் நான் இறங்கவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒருவர் பசுவை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார். நான் மணியைப் பார்த்தேன். நிழல் விழும் பக்கத்தைப் பார்த்தேன். மறுபடி மணியைப் பார்த்தேன். உள்ளே வியாபாரி அக்காவிடம் யார் இறந்தது என்று கேட்பது கேட்டது. அக்கா சொன்னாள். அதன்பிறகு அவர் பகிடி விடவில்லை.

பொல்காவலையில் ரயில் முழுதாக நிற்கும் முன்பே குதித்தேன். ஒன்பது பெட்டி தூரம். கார்ட் என்னைப் பார்த்ததும் புத்தகத்தை எடுத்தார். சீட்டு எண்ணை எழுதினார், வகுப்பை எழுதினார், வித்தியாசத்தை வாங்கினார். நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"கோட்டையில் நீங்கள் என்னிடம் வந்தது எத்தனை மணிக்கு?"

"ஆறு முப்பத்தொன்று."

அவர் தன் நாட்குறிப்பைத் திறந்து பார்த்தார். அங்கே பொதிகள் ஏற்றி முடித்தது ஆறு முப்பது என்று இருந்தது. தலையாட்டிவிட்டு எழுதினார்: அறிவித்த இடம் கோட்டை, 6.31. எழுதிய இடம் பொல்காவலை, 8.22.

துண்டோடு திரும்பி ஓடினேன். அக்கா மேடையில் இருந்தாள். ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, நேராக நீட்டிய காலோடு, பையை மடியில் வைத்தபடி. பரிசோதகர் பக்கத்தில் நின்றார். துண்டை வாங்கி, தன் புத்தகத்தின் பக்கத்தோடு வைத்துப் பார்த்தார். 6.31. 7.04. பக்கத்தின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, இரத்து என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

"நோனா, ஏறுங்க" என்றார் தமிழில், அம்மா என்பதை மட்டும் சிங்களத்தில்.

ஏறுவது சுலபமாக இருக்கவில்லை. பொல்காவலையில் அந்தப் பெட்டி நின்ற இடத்தில் மேடை தாழ்வு. புது முழங்கால் அந்த உயரத்துக்கு மடியவில்லை. ஒரு கையை நான் பிடித்தேன், மற்றக் கையைப் பரிசோதகர் பிடித்தார், வியாபாரி உள்ளேயிருந்து பையை இழுத்தார். சமிக்ஞை பச்சையாகியிருந்தது. ரயிலின் கடைசியில் கார்ட் எங்களைப் பார்த்தபடி கொடியைக் கீழேயே வைத்திருந்தார். அக்காவின் இரண்டாவது கால் உள்ளே போன பிறகுதான் உயர்த்தினார்.

அவளுடைய இருக்கையில் வியாபாரி தன் முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்து வைத்திருந்தார். ஒரு இளைஞன் அதை நகர்த்திவிட்டு உட்காரப் பார்த்திருக்கிறான்.

"அந்தத் துண்டு வகுப்புக்குத்தான் சார், சீட்டுக்கு இல்ல" என்று என்னிடம் சொன்னார். "அதுக்கு நம்ம லேஞ்சிதான்."

அக்கா அவரிடம் நன்றி சொன்னாள். என் கையிலிருந்தது மூன்றாம் வகுப்புச் சீட்டு, அங்கே வேறு இருக்கையும் இல்லை. குருநாகலில் இறங்கி மூன்றாம் வகுப்புக்குப் போனேன்.

மாகோவுக்கு அப்பால் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர் ரயிலுக்காக இருபத்தாறு நிமிடம் நின்றோம். மதவாச்சியில் பதினொரு நிமிடம். வவுனியாவில் கூட்டம் இறங்கியது. எனக்கு இருக்கை கிடைத்தது, நான் உட்காரவில்லை. மாங்குளம் தாண்டியபோது அண்ணனின் மருமகன் அழைத்து, ஐயர் வந்துவிட்டார், எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். இடத்தின் பெயரைச் சொன்னேன். அவர் தொலைபேசியை வைத்தார்.

கிளிநொச்சியில் இறங்கியபோது ஒன்று நாற்பத்தொன்று. முச்சக்கர வண்டிக்காரரிடம் அக்கா வீட்டுப் பெயரைச் சொன்னாள். வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் காலையிலிருந்தே ஆட்களை அங்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கொடி கட்டியிருந்தது. பறையொலி நின்றுவிட்டிருந்தது.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி ஒன்று ஐம்பத்தேழு. பெட்டியை இன்னும் மூடியிருக்கவில்லை.