யானை பார்த்த பிள்ளை

சூர்யகலா போடிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது பாதி வருஷம் போயிருந்தது. அதுவரை மலைமேல், அப்பா வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்துப் பக்கம் மலையாளப் பிள்ளைகளோடு படித்தவள். அம்மா சந்திரவல்லிக்கு ஊருக்குள் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை கிடைத்ததும் இருவரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

முதல் நாளே வித்யா என்ற பிள்ளை, "நீ மலையாளத்துக்காரியா?" என்று கேட்டாள்.

"அல்ல" என்றாள் சூர்யகலா, 'இல்ல' என்பதை மலைமேல் மலையாளப் பிள்ளைகள் சொல்வதுபோல.

பெஞ்சே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயரே 'அல்ல' ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொரு சொல்லையும் உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். இடைவேளையில் நிற்க இடம் தெரியாமல் தண்ணீர்க் குழாய்க்கும் வகுப்புக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

ஒருநாள் அதே வகுப்புப் பையன் யோகராஜ், "மலையில யானை பாத்திருக்கியா?" என்றான்.

பார்த்ததில்லை. ஆனால், "எங்க வீட்டு வாசல்லயே வந்து நிக்கும்" என்று வாயில் வந்துவிட்டது.

மதியம் சத்துணவுத் தட்டோடு ஏழெட்டுப் பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மறுநாள் அவள் கதையில் யானை கதவை முட்டியது. அதற்கடுத்த நாள் அப்பா கிட்டப்போய்க் கம்பால் அடித்து விரட்டினார். இப்போது ஓடி விளையாட ஆள் இருந்தது. ஆனால் காலையில் எழுந்ததுமே அடுத்த கதையைத் தேடவேண்டியிருந்தது. இன்றைக்கு என்ன சொல்வது? தலை பின்னும் சந்திரவல்லி, "செத்த நேரம் அசையாம இரு ஆத்தா" என்று அதட்டினாள்.

அன்று, கதை கேட்க உட்காருபவர்களில் ஒருத்தியான ரோஜா அவளைத் தனியாக இழுத்துப் போனாள். "தேவாரம் ஊர்ல எங்க மாமா சோளக்காட்டுக்கு யானை வந்துருச்சு. அவருதான் காவலுக்குப் போறாரு. கிட்டப்போயி கம்பால அடிச்சாப் போதுமா? சாயங்காலம் போன்ல சொல்லணும்."

சூர்யகலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிட்டப் போகச் சொல்லாத ரோஜா. நான் யானையே பாத்ததில்ல. எல்லாம் பொய்யி."

ரோஜா கையை உதறிவிட்டுப் போனாள். மதியத்துக்குள் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. யோகராஜ் 'புளுகுணி' என்றான். தட்டுகள் வேறு பக்கம் நகர்ந்தன.

மறுநாள், "பள்ளிக்கூடத்துக்குப் போகலம்மா" என்றாள்.

"போகாம இங்க என்ன சோலி? வெரசா கெளம்பு."

போனாள். யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ரோஜா பையோடு வந்து நின்றாள். "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லல. நல்லவேளை நீ சொன்ன" என்றாள். பிறகு, "நகந்து உக்காரு."

சூர்யகலா நகர்ந்தாள். ரோஜா பையை இறக்கிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.